கல் மூங்கில் நாற்று வாங்கினேன், ஓட்டையாக வளர்ந்திருக்கிறது. குற்றம் விதையிலா, தண்ணீரிலா?

கேள்வி: தேனிப் பக்கத்து வாசகர், 9 ஜூன் 2024

நாலு வருஷம் முன்னால் கல் மூங்கில் என்று சொல்லித்தான் ஒரு நர்சரியில் நாற்று வாங்கி நட்டேன். மாட்டுக் கொட்டகைக்கும் அதன் மேல் ஒரு சின்ன மச்சுக்கும் சொந்தத் தோட்டத்து மூங்கிலே போதும் என்பது கணக்கு. போன வாரம் ஒரு கழியை வெட்டிப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நுழைகிறது. கல் மூங்கில் என்றால் உள்ளே நிறைந்திருக்க வேண்டாமா? மரபணு சரியில்லாத நாற்றை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இதற்கு மரபணுச் சோதனை எங்கே செய்வார்கள்?

பதில் (இதிலும் கீழேயும் எழுதுவது மூங்கிலில் கட்டடம் கட்டும் ஒருவர்): 9 ஜூன் 2024, இரவு

சோதனை கிடக்கட்டும். தண்ணீர் எப்படி விடுகிறீர்கள்? மண் என்ன? பக்கத்தில் என்ன பயிர்? அதைச் சொல்லுங்கள், அப்புறம் நர்சரிக்காரரைத் திட்டலாம்.

10 ஜூன் 2024

கிணற்றடி, வண்டல் மண், சொட்டுநீர், நடுவே வாழை என்கிறீர்கள். சரி, பாதி விடை அங்கேயே கிடக்கிறது.

கல் மூங்கில் என்று நாம் சொல்வது டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ். இந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகள் முழுக்கப் பரவியிருப்பது. போலீஸ் லத்தி காலங்காலமாக இதில்தான் வந்தது. அதன் உறுதியைப் பற்றி நம்மில் சிலருக்கு நேரடி அனுபவமே இருக்கலாம். மழை குறைந்த, கல்லும் சரளையுமான சரிவில் வளர்ந்தால் இது ஒல்லியாக, உள்ளே கிட்டத்தட்ட நிறைந்து வரும். அதே இனம் ஈரப்பாங்கான பள்ளத்தில் வளர்ந்தால் கழி பருக்கும், உயரும், உள்ளே ஓட்டை விடும். வனத்துறை ஆட்களுக்கு இது பழைய செய்தி. நர்சரிப் பலகையில் எழுத மாட்டார்கள், அவ்வளவுதான்.

வாழைக்கு விட்ட தண்ணீரைக் குடித்து வளர்ந்த மூங்கில் அது. ஓட்டை விட்டதற்கு அதன் மேல் கேஸ் போட முடியாது.

11 ஜூன் 2024

"அப்படியானால் இனித் தண்ணீரை நிறுத்திவிட்டால் இருக்கிற கழிகள் உள்ளே நிறைந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையாது.

தேக்கும் வேம்பும் வருஷா வருஷம் பருக்கின்றன. பட்டைக்கு அடியில் புதுக் கட்டையை ஊற வைக்கும் ஒரு திசு அவற்றுக்கு இருக்கிறது. மூங்கில் புல் சாதி. அந்தத் திசு அதற்குக் கிடையாது. குருத்து மண்ணை விட்டு வெளியே வரும்போது என்ன தடிமனோ, சாகும்வரை அதே தடிமன். கணுக்கள் எத்தனை என்பதும் மண்ணுக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதற்கப்புறம் மூன்று நான்கு வருஷம் நடப்பதெல்லாம் உள்ளே லிக்னின் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஏறி இறுகுவது மட்டும்தான். ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். சுவர் மட்டும் கெட்டிப்படும்.

அதனால் தண்ணீரை நிறுத்தினால் பலன் அடுத்து வரும் குருத்துகளில்தான் தெரியும். இன்னொன்று, நாலு வயதுக் குத்தை, அதாவது ஒரே அடியிலிருந்து கூட்டமாக வரும் கழிகளை வைத்து இனத்துக்குத் தீர்ப்பு சொல்வதும் அவசரம். இளம் குத்து ஒவ்வொரு மழைக்கும் முந்தியதைவிடத் தடித்த குருத்து விடும். குத்து தன் முழு அளவுக்கு வர இன்னும் சில வருஷம் ஆகும்.

14 ஜூன் 2024

மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "ஆக மரபணுவுக்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாம் மண்ணும் தண்ணீரும்தான் என்கிறீர்கள்" என்று முடித்துவிட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. அதை மறுக்க மங்களூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் போட்ட படமே போதும்.

அவர் போட்டது ஸ்டாக்சி மூங்கில். தாவரவியல்காரர்கள் முன்பு டென்ட்ரோகலாமஸ் ஸ்டாக்சி என்றார்கள், இப்போது சூடாக்சிடெனாந்தெரா ஸ்டாக்சி என்கிறார்கள். கொங்கணத்திலிருந்து கர்நாடகக் கரை வரை வேலியோரமாக வளர்ப்பார்கள். முள் இல்லை, நேராகப் போகும், உள்ளே கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். அந்தக் கரையில் பெய்யும் மழை உங்கள் கிணற்றடிச் சொட்டுநீரையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அவ்வளவு மழையிலும் அது நிறைந்துதான் வருகிறது.

ஒரு மூங்கில் தண்ணீரைக் கண்டதும் ஓட்டை விடுகிறது, இன்னொன்று மழையில் ஊறினாலும் விடுவதில்லை. இந்த வித்தியாசம் விதைக்குள் இருப்பது. கல் மூங்கிலின் மரபணுவில் இருப்பது நிறைந்திரு என்ற கட்டளை இல்லை. வறட்சி வந்தால் நிறைந்திரு என்ற கட்டளை. ஸ்டாக்சிக்கு அந்த நிபந்தனை இல்லை.

சீனாவில் மோசோ மூங்கிலிலும் இப்படி ஒன்று உண்டு. மோசோ சாதாரணமாக மெல்லிய சுவர்க்காரன். ஜியாங்சி மாகாணத்தில் சுவர் நன்றாகத் தடித்த ஒரு வகை கிடைத்தது. வேறு இடத்தில் கொண்டுபோய் நட்டாலும் தடிப்பு மாறவில்லை. அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் அதை விடாமல் துரத்துகிறார்கள்.

14 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

உங்களிடம் இரண்டு துண்டு நிலம் இருக்கிறது என்றீர்களே, கிணற்றடி ஒன்று, மேட்டுச் சரளை ஒன்று. மரபணுச் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். கிணற்றடியில் இருக்கும் குத்து ஒன்றைப் பிரித்துக் கிழங்கோடு மேட்டில் நடுங்கள். ஒரே செடி, இரண்டு மண். மேட்டில் நிறைந்து வந்தால் தண்ணீர்தான் காரணம். அங்கேயும் ஓட்டை என்றால் விதையைச் சந்தேகப்படலாம். ஆராய்ச்சி நிலையங்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன. ஒரே க்ளோனை, அதாவது ஒரே தாயிலிருந்து பிரித்த செடிகளைப் பல ஊரிலும், பல க்ளோன்களை ஒரே ஊரிலும் நட்டுப் பார்ப்பார்கள். உங்களுக்குப் பொறுமை வேண்டும், அவர்களுக்கு நிதி வேண்டும்.

23 ஜூன் 2024

கட்டடக்காரனாக எனக்கு ஒரு ஆதங்கம். இந்த இணைய இழையில் எல்லோரும் நிறைந்த மூங்கிலுக்காக உயிரை விடுகிறீர்கள். கால் நடுவதற்கு அது எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு. 40 மி.மீ. விட்டமுள்ள, முழுக்க நிறைந்த கழி ஒன்று. 90 மி.மீ. வெளி விட்டம், 12 மி.மீ. சுவர் உள்ள ஓட்டைக் கழி இன்னொன்று. குறுக்கே அறுத்துப் பார்த்தால் இரண்டாவதில் கட்டை இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் வளையாமல் நிற்க வடிவம் தரும் விறைப்பு சுமார் 18 மடங்கு. பொருள் நடுவில் இருந்து பயனில்லை, ஓரத்தில் இருக்க வேண்டும். உத்திரத்துக்கு ஐ வடிவ இரும்பு போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது இனத்தைச் சேர்த்துப் பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன் ஆறாம் பாகத்தில் மூங்கிலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் இனங்களை அ, ஆ, இ என்பதுபோல மூன்று தொகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சைக் கழியை வளைத்து உடைக்கும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 70 நியூட்டனுக்கு மேல் என்றால் முதல் தொகுதி, 50 முதல் 70 வரை இரண்டாவது, 30 முதல் 50 வரை மூன்றாவது. கல் மூங்கில் முதல் தொகுதி. பால்கோவா என்ற மூங்கில் இனம் இரண்டாவது. நம் ஊர் முள் மூங்கிலும் வீட்டோரம் வைக்கும் மஞ்சள் மூங்கிலும் மூன்றாவது. விறைப்பைப் பொறுத்தவரை முதல் தொகுதியின் அடிவரம்பு மூன்றாவது தொகுதியின் அடிவரம்பைப் போல மூன்று மடங்கு.

மூன்று மடங்கு விறைப்பை இனம் தருகிறது, 18 மடங்கை வடிவம் தருகிறது. மட்டமான இனத்துப் பெருத்த ஓட்டைக் கழி, உசத்தி இனத்து ஒல்லிக் கழியை ஆறு மடங்கு முந்துகிறது. உங்கள் மச்சுக்குக் கால் எதில் போடுவீர்கள்?

24 ஜூன் 2024

நேற்றையதைப் படித்துவிட்டுக் கல் மூங்கில் ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இணைப்பு என்று வந்தால் ஆட்டம் மாறும்.

ஓட்டைக் கழியில் துளை போட்டு போல்ட் முறுக்கினால் சுவர் பிளக்கும். கொலம்பியாவில் சிமோன் வேலெஸ் போன்றவர்கள் குவாடுவா மூங்கிலில் பெரிய கூரைகள் கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே போல்ட் போகும் கணுவிடைக்குள் சிமெண்டுக் கலவையை ஊற்றி நிரப்புகிறார்கள். ஹானோவரில் 2000-ல் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவர் கட்டிய மண்டபமும் இந்த முறைதான். நிறைந்த கழிக்கு அந்த வேலை மிச்சம். கைமரம், வரிச்சு, ஏணி, கதவுச் சட்டம், முளை, எல்லாவற்றுக்கும் கல் மூங்கில்தான். ஆணி அடித்தாலும் ஓரளவு தாங்கும்.

கொலம்பியக் கட்டட விதியில் 2010-ல் குவாடுவாவுக்குத் தனி அதிகாரமே போட்டார்கள். அவர்களுக்கு ஒரு வசதி, கட்டுவதற்கு என்று பெரும்பாலும் ஒரே இனம். நமக்கு அப்படியில்லை. மண்டிக்குப் போனால் ஒரே குவியலில் மூன்று இனம் கிடக்கும், கேட்டால் எல்லாமே கல் மூங்கில்.

2 ஜூலை 2024

குற்றம் விதையிலா என்று தலைப்பில் போட்டுவிட்டு மரபணுவைப் பற்றிப் பேசவே இல்லை என்று ஒரு கல்லூரி மாணவர் குறைப்பட்டிருக்கிறார். சரி, கொஞ்சம் பேசுவோம்.

மோசோ மூங்கிலின் மரபணுத் தொகுதியைச் சீன விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்டார்கள். சுமார் 200 கோடி எழுத்து, 32,000-த்தை ஒட்டிய மரபணுக்கள், 48 குரோமோசோம். மூங்கில் மரபணுவில் முக்கியமான விஷயம் பெருக்கம். குளிர்ப் பிரதேச மூங்கில்கள் நான்மடிக்காரர்கள். இரண்டு மூதாதைகளின் முழுத் தொகுதிகளும் சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. நம் பக்கத்து வெப்ப மண்டல மூங்கில்கள் அறுமடி, அதாவது ஆறு தொகுப்பு, 72-ஐ ஒட்டிய குரோமோசோம். லிக்னின் சேர்க்கும் நொதி ஒன்றைத் தயாரிக்க நெல்லில் ஒரு மரபணு இருந்தால் இங்கே அதற்கு மூன்று நான்கு பிரதிகள் இருக்கும். ஒன்றைக் கெடுத்தால் இன்னொன்று வேலை பார்க்கும். உறுதிக்கான மரபணு இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கழியின் உறுதி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கூர்மையான ரம்பத்தால் கணுவிடையில் அறுத்து, வெட்டு முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். வெளிர் பரப்பில் கரும்புள்ளிகள் தெரியும். அவைதான் நார்க்கட்டுகள். உள்ளோரத்தில் பெரிசாக, விலகி விலகி இருக்கும். வெளியோரம் போகப் போகச் சிறுத்து நெருங்கி, தோலருகே ஒரே கருப்புப் பட்டையாகிவிடும். காங்கிரீட்டில் கம்பி எங்கே வேண்டுமோ அங்கே கட்டியது போல. புள்ளிகள் நடுவே இருக்கும் வெளிர் பாகம் மென்திசு, மாவுச்சத்தின் கிடங்கு. மொத்தத்தில் பாதி மென்திசு, நாற்பது சதவீதம் நார், மீதி குழாய்கள். நார்க்கட்டு எவ்வளவு நெருக்கம், நாரின் சுவர் எத்தனை அடுக்கு என்பதில் இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு. விதை கையில் வைத்திருக்கும் சீட்டு அது.

உங்கள் கழியை இப்படித் தேய்த்துப் படம் போடுங்கள். ஓட்டையை மட்டும் பார்க்காதீர்கள்.

2 ஜூலை 2024, பின்குறிப்பு

மாணவர் அடுத்த கேள்வியாக, நெல்லில் ஐ.ஆர். 8 என்ற அதிக விளைச்சல் ரகம் மாதிரி மூங்கிலில் ஏன் வரவில்லை என்கிறார். நெல் நூற்றுச் சொச்சம் நாளில் பூத்துக் காய்த்துவிடும். கல் மூங்கில் பூக்க 25 முதல் 45 வருஷம் எடுக்கும். முள் மூங்கிலுக்கு நாற்பது, ஐம்பது. ஒட்டுச் சேர்த்து, பேரன் தலைமுறை கழியை அறுத்துப் பார்க்க நினைக்கிற விஞ்ஞானி முதலில் தன் ஓய்வூதியத்தையும் அப்புறம் தன் ஆயுளையும் தாண்டியாக வேண்டும். அதனால் மூங்கிலில் இதுவரை நடந்தது பெரும்பாலும் இனவிருத்தி இல்லை, பொறுக்கி எடுப்பது. காட்டில் நல்ல குத்தைத் தேடிப் பிடி, பிரித்து நடு, பெயர் வை.

3 ஆகஸ்ட் 2024

கோவைக்காரர் ஒருவர், "ஒட்டு மூங்கிலே கிடையாதா?" என்கிறார். உங்கள் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1930-களில் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் டி.எஸ். வெங்கட்ராமன் கரும்பையும் மூங்கிலையும் ஒட்டுச் சேர்த்தார். ஏற்கெனவே கரும்பை நாணல் இனத்தோடு சேர்த்து வெற்றி கண்ட நிலையம் அது; மூங்கிலை மட்டும் விட்டு வைப்பானேன் என்று பார்த்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த இ.கே. ஜானகி அம்மாள் அந்த ஒட்டுகளின் குரோமோசோம்களை எண்ணி 1938-ல் நேச்சர் இதழில் எழுதினார். நோக்கம் கரும்புதான், கட்டடம் இல்லை. உத்திரத்தை உறிஞ்சிச் சாறு குடிக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

பூக்கும் தடையை உடைக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 1990-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முள் மூங்கிலை டிஷ்யூ கல்ச்சர் குடுவைக்குள்ளேயே பூக்க வைத்து விதையும் எடுத்தார்கள். காட்டில் நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டிய பூ, கண்ணாடிக் குடுவையில் சில மாதத்தில். அதுவும் நேச்சரில் வந்தது. இனி மூங்கிலில் ஒட்டு இரகங்கள் கொட்டும் என்று அப்போது நம்பினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மண்டியில் ஒன்றையும் காணோம்.

5 ஆகஸ்ட் 2024

பூவைப் பற்றிப் பேசியதும் தேனி நண்பருக்கு பயம் வந்துவிட்டது. "என் குத்தும் பூத்துச் செத்துவிடுமா?" சாகும், ஆனால் இப்போது இல்லை. இந்த விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏன் என்று சொல்கிறேன். கட்டடத்துக்கு மூங்கில் வளர்க்கிற யாரும் யோசிக்காமல் விடும் இடம் இது.

மூங்கிலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. விதை முளைத்த நாளில் அது ஓட ஆரம்பிக்கும். குத்தைப் பிரித்து நட்டாலும், பக்கக் கிளையைப் பதியம் போட்டாலும் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பாது. தாய்க்கு என்ன வயதோ அதே வயதில் தொடரும். மிசோரமில் மௌடாக் மூங்கில் 48 வருஷத்துக்கு ஒருமுறை காடு காடாகப் பூக்கும். 1958-59-ல் பூத்தது, எலி பெருகியது, பஞ்சம் வந்தது, பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு அரசியல் கட்சியாகி 1966-ல் ஆயுதப் போராட்டம் வரை போனது. கணக்குத் தவறாமல் 2006-ஐ ஒட்டி மறுபடி பூத்தது. வீடு கட்டும் மூங்கில் ஒரே நேரத்தில் மாநிலம் முழுக்கச் செத்தால் என்னாகும் என்பதற்கு அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னும் விசித்திரமான கதை ஐரோப்பாவில். குடை மூங்கில் என்று தோட்டங்களில் வளர்க்கும் பார்கீசியா முரியேலே, 1907-ல் வில்சன் என்பவர் சீனாவின் ஹூபேயிலிருந்து கொண்டுவந்த செடியின் வழி. பிரித்துப் பிரித்துக் கண்டம் முழுக்கப் பரப்பினார்கள். 1970-களில் டென்மார்க்கில் ஒன்றிரண்டு பூக்க ஆரம்பித்து, 1990-களில் எங்கு பார்த்தாலும் பூத்துக் கிட்டத்தட்ட எல்லாம் மடிந்தன. கடல் தாண்டிப் போன செடிக்கும் அதே கடிகாரம்தான்.

ஆகவே தேர்வு இப்படி அமைகிறது. விதை நாற்று வாங்கினால் வயது தெரியும், குணம் தெரியாது. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு மாதிரி. நல்ல குத்தைப் பிரித்து வாங்கினால் குணம் தெரியும், வயது தெரியாது. நட்ட பத்தாம் வருஷமே பூத்துப் போகலாம். டிஷ்யூ கல்ச்சர் செடி என்றால் அது விதையிலிருந்து எடுத்த திசுவா, வளர்ந்த குத்தின் கணுவிலிருந்து எடுத்ததா என்று கேட்க வேண்டும். முன்னதென்றால் நாற்றின் கதை, பின்னதென்றால் தாயின் வயது. நான் கேட்டபோது ஒரு நர்சரியில் என்னை வருமான வரி அதிகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

உங்களுடையது விதை நாற்று, நாலு வயது. இன்னும் இருபது வருஷத்துக்குக் குறையாமல் கழி எடுக்கலாம். ஓட்டை ஒரு குறை என்றால் இது அதற்கு ஈடு.

5 ஆகஸ்ட் 2024, இரவு

ஒரே க்ளோனை ஏக்கர் கணக்கில் நடுவது பற்றி மேலும் ஒரு யோசனை. மோசோ விஷயத்தில் கிழக்காசியாவில் அதைத்தான் செய்திருக்கிறார்கள், அதுவும் தெரியாமலேயே. ஜப்பான், சீன மாதிரிகளை மரபணு வழியாக ஒப்பிட்டபோது பெரும்பாலும் ஒரே க்ளோன் என்று தெரிந்தது. கட்டடக்காரனுக்கு அது வரம், ஒரே சீரான கழி. நோய் வந்தாலோ பூ வந்தாலோ மொத்தமாகப் போகும்.

அதனால் தோட்டத்துக்கு இரண்டையும் கலந்து நடுவதுதான் என் கட்சி. ஆறேழு விதை நாற்று, மூன்று நான்கு தேர்ந்தெடுத்த குத்து. பால்கோவாவிலிருந்து பொறுக்கி எடுத்து ஓசூரில் உருவாக்கிய பீமா மூங்கில் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முள் இல்லாதது, சுவர் தடித்தது, வேகமாக வளர்வது. கால் நட நல்லது. ஆனால் ஒரு தோட்டம் முழுக்க அது மட்டும் என்றால் எனக்குக் கொஞ்சம் உதறும்.

17 செப்டம்பர் 2024

தேனி நண்பர் படங்கள் போட்டிருக்கிறார். அருமை. உப்புத்தாள் தேய்த்த வெட்டு முகம் பளிச்சென்று தெரிகிறது. நார்ப் புள்ளிகள் நெருக்கம்தான். அந்தக் குத்தின் சுவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது படத்தில் இருக்கும் குத்தைத்தான் நான் பெரிசாக்கிப் பார்த்தேன். கணுவில் மூன்றாகப் பிரிந்து வளைந்த முள். கல் மூங்கிலுக்கு முள் கிடையாது. அந்தக் குத்து முள் மூங்கில். வேறு இனம், கட்டட விதித்தொகுப்பிலும் வேறு தொகுதி. அது கல் நிறைவாக வரும் என்று காத்திருந்தால் பேரப்பிள்ளைதான் பார்க்க வேண்டும், அவனும் பார்க்க மாட்டான்.

ஆக முதல் கேள்விக்குப் பதில் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பாலான குத்துகளில் தண்ணீர். ஒரு குத்தில் நர்சரிக்காரர். விதை சேகரிக்கும்போதே கலந்திருக்கும். நாற்றுப் பருவத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல நல்ல கண் வேண்டும். இந்த இடத்தில்தான் மரபணுச் சோதனைக்கு உண்மையான வேலை. கழி உறுதியா என்று அது சொல்லாது. நாற்று என்ன இனம், இரண்டு செடியும் ஒரே க்ளோனா என்று சொல்லும். நர்சரிகள் மொத்தமாகச் செய்ய வேண்டியது அது. நாலு வருஷம் கழித்து நீங்கள் செய்வதற்கு முள்ளைக் குத்திப் பார்ப்பதே மலிவு.

முள் மூங்கிலை வெட்டி எறிந்துவிடாதீர்கள். பெருத்தால் கொட்டகைக்குக் கால் அதுதான். 23 ஜூன் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

12 நவம்பர் 2024

மாணவர் திரும்ப வந்து, மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் கத்தரி வைத்து மூங்கிலையே திருத்திவிடலாமே என்கிறார். சீனாவில் 2020-ல் மா என்ற மூங்கில் இனத்தில் செய்திருக்கிறார்கள். அறுமடி மூங்கிலிலேயே, முதல் தலைமுறையிலேயே ஒரு மரபணுவின் எல்லாப் பிரதிகளையும் வெட்டிச் செடியின் உயரத்தை மாற்றிக் காட்டினார்கள். வழி திறந்திருக்கிறது. ஆனால் எதை வெட்டுவது? லிக்னினைக் கூட்டினால் கழி நொறுங்கும் தன்மைக்குப் போகலாம். மாவுச்சத்தைக் குறைத்தால் வண்டு துளைத்து உளுக்காது, ஆனால் அடுத்த குருத்துக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? எனக்குக் கேட்டால் வெட்ட வேண்டியது பூக்கும் கடிகாரத்தைத்தான். அதை நிறுத்தவும் ஓட்டவும் தெரிந்தால் மீதி இனவிருத்தி தானே நடக்கும்.

28 டிசம்பர் 2024

மழை ஓய்ந்தது. இனி வெட்டலாம். தேய்பிறையா வளர்பிறையா என்று சண்டை போட வேண்டாம். குருத்து விட்டு முடிந்து, மாவுச்சத்து இறங்கியிருக்கும் சமயம் என்பதுதான் முக்கியம். நம் பக்கத்தில் மார்கழி, தை.

எந்தக் கழி என்பது அதைவிட முக்கியம். எவ்வளவு உசத்தி க்ளோனாக இருந்தாலும் ஒரு வயதுக் கழி வதங்கிச் சுருங்கிப்போகும். குருத்தை மூடியிருந்த தோடு இன்னும் ஒட்டியிருந்தால், வெள்ளை மாவு படிந்திருந்தால் இளசு. மூன்று வயது தாண்டினால் பச்சை மங்கும், அங்கங்கே சாம்பல் நிறப் பாசித் திட்டு ஒட்டும், தட்டினால் ஓசை கணீரென்று வரும். கையில் பெயிண்ட் டப்பா இருந்தால் ஒவ்வொரு வருஷக் குருத்துக்கும் ஒரு நிறம் அடித்து வையுங்கள். உலக அளவில் 2018-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 19624 தர நிர்ணயமும் கழியைக் கழியாகப் பார்த்துத் தரம் பிரிக்கச் சொல்கிறது. இனத்தின் பெயரைக் கேட்டதும் பாஸ் போட்டுவிடுவதில்லை.

6 ஜனவரி 2025

"பூத்துச் செத்த மூங்கில் உளுக்காதாமே?" என்று ஒருவர். அதில் விஷயம் இருக்கிறது. மாவுச்சத்தை எல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டுச் சாவதால் வண்டுக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் செத்து எத்தனை நாள் காட்டில் நின்றது என்பது தெரியாமல் வாங்காதீர்கள். நின்றபடியே இற்றுப்போயிருக்கும்.

தேனி நண்பருக்கு: ஓட்டைக் கழிகளின் கணுத் தடுப்புகளை நீளக் கம்பியால் குத்தித் திறந்து, அடிக்கணுவை மட்டும் விட்டு, நிமிர்த்தி வைத்து உள்ளே வண்டைத் தடுக்கும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஊற்றி நிரப்பலாம். உள்பக்கமிருந்து ஊறும். நிறைந்த கழிக்கு இந்தச் சலுகை கிடையாது. தொட்டியில் முழுக்கப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கல் மூங்கில் கைமரத்தின் கீழே தரையில் மாவு மாவாக உதிர்ந்து கிடப்பதை எங்கள் வேலையிலேயே பார்த்திருக்கிறேன். உறுதி உறுதி என்று ஊறப் போடாமல் ஏற்றிவிடுவார்கள்.

மேட்டில் நட ஒரு குத்து பிரிக்க வேண்டும் என்றீர்கள். இப்போது வேண்டாம். கோடை மழைக்குக் காத்திருந்து, ஒரு வயதுக் கழியாகப் பார்த்து, கிழங்கோடு தோண்டி, மூன்று நான்கு கணு விட்டு மேலே நறுக்கிவிட்டு நடுங்கள். முள் இல்லாத குத்தாகப் பாருங்கள். எந்தக் குத்திலிருந்து எடுத்தது என்று தாயிலும் பிள்ளையிலும் ஒரே எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். மேட்டில் விடும் குருத்து வெட்டுக்கு வந்ததும் இரண்டு வெட்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள்.